மானுக்கு வைத்த குறி, கழுகுக்கு வந்த நஞ்சு

சட்டை தைக்கத் தையற்கடைக்குப் போகிறோம். தையற்காரர் முதலில் என்ன கேட்கிறார்? "துணி எங்கே?" என்றுதான் கேட்கிறார். துணி பருத்தியா, கம்பளியா என்று தெரிந்த பிறகுதான் ஊசி, நூல், தையலின் நெருக்கம் ஆகியவற்றை முடிவு செய்கிறார்.

அமெரிக்காவில் மான் வேட்டை, உரிமம் பெற்றவர்களுக்குக் குறிப்பிட்ட பருவத்தில் அனுமதிக்கப்பட்ட ஒன்று. அங்கே சிலர் கடையில் விற்கும் ஆயத்தத் துப்பாக்கியை வாங்காமல், சட்டையைப் போலவே தமக்கென்று அளவெடுத்து ஒரு ரைபிளைச் செய்துகொள்வார்கள். அதைச் செய்து தருபவர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தத் தோட்டா?" என்பதுதான். துப்பாக்கியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே தொடங்கும்.

ஏன் அப்படி? துப்பாக்கியின் நீளம், எடை, குழலின் உட்புற அமைப்பு எல்லாமே தோட்டாவைப் பொறுத்தவை. இந்தத் தேர்வில் இயற்பியல் நிறைய இருக்கிறது. பல ஆண்டுகளாக யாரும் கவனிக்காத இன்னொன்றும் இருந்தது: வேட்டைக்காரர் கண்ணில் படாத ஒரு பறவையின் உயிர். இரண்டையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

தோட்டாவில் என்ன இருக்கிறது?

தோட்டா வேறு, குண்டு வேறு. தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. ஒரு பித்தளைக் கூடு; அதன் அடியில் தீபாவளிக் கேப்பைப் போல் அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடி; கூட்டுக்குள் வெடிமருந்து; கூட்டின் வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்ததும் ஓர் ஊசி அடிமூடியைக் குத்துகிறது. பொறி கிளம்பி மருந்து எரிகிறது. எரிந்த மருந்து வாயுவாக மாறி, இடம் போதாமல் குண்டை முன்னே தள்ளுகிறது. பறந்து செல்வது குண்டு மட்டும்; வெற்றுக் கூடு துப்பாக்கியிலேயே நின்றுவிடும்.

இந்த வாயுவின் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? அமெரிக்க மான் வேட்டையில் நெடுங்காலமாகப் புகழ்பெற்றது 30-06 ஸ்பிரிங்பீல்டு என்னும் தோட்டா. 30 என்பது குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் நூற்றில் சொல்வது. 06 என்பது அது நடைமுறைக்கு வந்த 1906-ஆம் ஆண்டைக் குறிப்பது. இதனுள் எழும் அழுத்தம், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 4,000 மடங்கு வரை போகும். ஆகவே தோட்டா அறையின் சுவர்கள் அதைத் தாங்கும் எஃகினால் ஆனவையாக இருக்க வேண்டும். தோட்டாவுக்குத் துல்லியமாகப் பொருந்தவும் வேண்டும்.

கூட்டின் நீளமும் முக்கியம். 30-06 தோட்டாவின் கூடு 63 மில்லிமீட்டர். 1952-இல் வந்த 308 வின்செஸ்டர் தோட்டாவின் கூடு 51 மில்லிமீட்டர்தான். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றே. ஆனால் கதவுத் தாழ்ப்பாளைப் போல முன்னும் பின்னும் நகர்ந்து தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டு, நீண்ட தோட்டாவுக்கு நீண்ட தூரம் நகர வேண்டும். எனவே 308-க்குச் செய்யும் துப்பாக்கி சற்றுக் குட்டையாகவும் எடை குறைவாகவும் அமையும்.

எவ்வளவு வலிமை வேண்டும்?

அடுத்த கேள்வி: எந்த விலங்குக்கு? குண்டின் வலிமையை அறிய நீங்கள் பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் வாய்பாடே போதும். நிறையின் பாதியைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும்.

30-06 தோட்டாவில் வழக்கமாக இடும் ஒரு குண்டின் எடை 180 கிரெயின். கிரெயின் என்பது பழைய ஆங்கிலேய எடை. 180 கிரெயின் என்றால் சுமார் 11.7 கிராம். ஏறத்தாழ ஒன்றரைச் சவரன் தங்கத்தின் எடைதான்! இது குழலைவிட்டு வினாடிக்குச் சுமார் 823 மீட்டர் வேகத்தில் வெளிப்படுகிறது. கணக்கிட்டால் ஆற்றல் சுமார் 3,950 ஜூல் வருகிறது. 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவனை 8 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இந்த ஆற்றல் போதும்.

சிறிய மானுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. 1955-இல் வந்த 243 வின்செஸ்டர் தோட்டா 6.5 கிராம் குண்டைச் செலுத்தி, சுமார் 2,600 ஜூல் தருகிறது. ஆப்பிரிக்கக் காட்டெருமை போன்ற பெரிய விலங்குகளுக்கு 1912-இல் உருவான 375 மாக்னம் தோட்டா 19 கிராமுக்கும் அதிகமான குண்டைச் செலுத்தி, சுமார் 5,800 ஜூல் தருகிறது.

"அப்படியானால் எப்போதும் பெரிய தோட்டாவையே தேர்ந்தெடுத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அதற்கு நியூட்டன் விடை சொல்கிறார். ஒவ்வொரு வினைக்கும் எதிர்வினை உண்டு. குண்டு முன்னே போகும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். 11.7 கிராம் குண்டின் உந்தம், அதாவது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது, சுமார் 9.6 அலகு. துப்பாக்கியின் எடை 3.6 கிலோ என்றால், குண்டினால் மட்டுமே அது வினாடிக்கு 2.7 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வரும். குண்டின் பின்னால் சீறி வெளியேறும் வாயுவையும் சேர்த்தால் இந்த வேகம் 4 மீட்டரை நெருங்கும். உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடுகிறவரின் குறி தவறும். விலங்கு சாகாமல் காயத்தோடு ஓடித் துன்புறும். ஆகவே அனுபவசாலிகள், வேலைக்குப் போதுமான தோட்டாக்களில் உதை குறைந்த ஒன்றையே தேர்ந்தெடுப்பார்கள்.

குண்டு ஏன் சுழல்கிறது?

பம்பரம் சுழலும்வரை நிமிர்ந்து நிற்கிறது. சுழற்சி ஓய்ந்ததும் தலை சாய்கிறது. நீண்ட குண்டும் அப்படித்தான். சுழலாமல் போனால் காற்றில் குட்டிக்கரணம் அடிக்கும். இதற்காகக் குழலின் உட்சுவரில் திருகாணி மறையைப் போல் புரிகள் வெட்டியிருப்பார்கள். 30-06 துப்பாக்கிகளில் பெரும்பாலும் 10 அங்குல நீளத்துக்கு, அதாவது 25.4 சென்டிமீட்டருக்கு, ஒரு சுற்று என்ற கணக்கில் புரி இருக்கும். வினாடிக்கு 823 மீட்டர் ஓடும் குண்டு, குழலைவிட்டு வெளியே வரும்போது வினாடிக்கு 3,200 தடவைக்கு மேல் சுழல்கிறது!

குண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நெருக்கமான புரி வேண்டும். இதற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த கணித அறிஞர் கிரீன்ஹில் 1879-இல் ஒரு வாய்பாடு தந்தார். நீளத்துக்கும் புரிக்கும் உள்ள இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இது நமக்குத் தேவைப்படும்.

குண்டு எந்த உலோகம்?

நெடுங்காலமாகக் குண்டுகள் காரீயத்தால் செய்யப்பட்டு வந்தன. சமையல் பாத்திரங்களுக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம். அது வேறு உலோகம். காரீயம் 327 டிகிரி செல்சியசில் உருகிவிடும், மிக மென்மையானது, அடர்த்தி மிக்கது, விலையும் குறைவு. வேகமான தோட்டாக்கள் வந்த பிறகு, காரீயக் கருவின்மேல் செம்பாலான மெல்லிய உறை போட்டார்கள். உடலில் பட்டதும் இக்குண்டின் முனை காளானைப் போல் விரிகிறது. விரிந்தால்தான் ஆற்றல் முழுவதும் விலங்கின் உடலில் இறங்கும். விலங்கு விரைவில் உயிர்விடும்.

ஆனால் மென்மையான உலோகம் விரிவதோடு நிற்பதில்லை, சிதறவும் செய்கிறது. சிதறிய துகள்கள் எங்கே போகின்றன? இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் துப்பாக்கி செய்பவர்கள் அல்லர், பறவை ஆய்வாளர்கள்.

அழிவின் விளிம்பில் ஒரு பறவை

கலிபோர்னியா காண்டார் என்பது பிணந்தின்னிக் கழுகு வகையைப் போன்ற ஒரு பெரும் பறவை. சிறகுகளை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 9 அடிக்கு மேல் இருக்கும். வட அமெரிக்காவில் பறக்கும் நிலப் பறவைகளில் இதுவே பெரியது. இது வேட்டையாடுவதில்லை, இறந்த விலங்குகளை மட்டுமே தின்னும். இயற்கையின் துப்புரவுப் பணியாளர் எனலாம்.

1982-ஆம் ஆண்டில் எண்ணிப் பார்த்தபோது உலகில் 22 காண்டார்களே எஞ்சியிருந்தன! 1987-இல் இயற்கையில் வாழ்ந்த கடைசிப் பறவையையும் பிடித்து, லாஸ் ஏஞ்சல்சிலும் சான் டியாகோவிலும் இருந்த விலங்கியல் பூங்காக்களில் காப்பாற்றினார்கள். அப்போது மொத்தம் 27 பறவைகள். அங்கே குஞ்சு பொரிக்க வைத்து, 1992-இல் மீண்டும் கலிபோர்னியாவிலும், 1996-இல் அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கை அடுத்த பகுதியிலும் பறக்கவிடத் தொடங்கினார்கள்.

ஆனால் விடுவித்த பறவைகள் நோயுற்று விழுந்தன. சோதித்தால் இரத்தத்தில் காரீயம்! இயற்கையில் வாழும் காண்டார்களின் சாவுகளில் காரணம் தெரிந்தவற்றை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழப் பாதிக்குக் காரீய நஞ்சே காரணம்.

காரீயம் உடலில் என்ன செய்கிறது? அது கால்சியத்தைப் போல் வேடமிட்டு நரம்புகளுக்குள்ளும் எலும்புகளுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. இரத்தத்தின் சிவப்புப் பொருளை உண்டாக்கும் என்சைம்களைச் செயலிழக்கச் செய்கிறது. காண்டாரின் உணவுக்குழலையும் இரைப்பையையும் இயக்கும் நரம்புகள் தளர்ந்துவிடுகின்றன. விழுங்கிய உணவு கீழே இறங்காது. வயிற்றில் உணவிருந்தும் பறவை பட்டினியால் மெலிந்து சாகும்.

துப்பறிந்த ஐசோடோப்பு

காரீயம் பல வழிகளில் வரலாம். பழைய வண்ணப்பூச்சு, மண், தொழிற்சாலை என்று எத்தனையோ உண்டு. குண்டுதான் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? இங்கே வேதியியல் துப்பறிவாளர் வேலை பார்த்தது. இயற்கையில் காரீயத்துக்கு 204, 206, 207, 208 என்று நிறை எண் கொண்ட நான்கு ஐசோடோப்புகள் உண்டு. எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறும். கைரேகை மனிதரை அடையாளம் காட்டுவதைப் போல, இந்த விகிதம் காரீயத்தின் பிறப்பிடத்தைக் காட்டிவிடும். 2006-இல் வெளியான ஆய்வில், விடுவிக்கப்பட்ட காண்டார்களின் இரத்தத்தில் இருந்த காரீயத்தின் விகிதம், தோட்டாக்களில் உள்ள காரீயத்தின் விகிதத்தோடு ஒத்துப்போனது. இன்னும் விடுவிக்கப்படாத பறவைகளின் இரத்தம் அவ்வாறு ஒத்துப்போகவில்லை.

துகள்கள் பறவையை அடையும் வழியும் தெரிந்தது. மானைச் சுட்டவர் இறைச்சியை எடுத்துக்கொண்டு, குடல் முதலியவற்றைக் காட்டிலேயே விட்டுவிடுவார். அதே 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இப்படி விடப்பட்ட 20 குடற்குவியல்களை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார்கள். அவற்றில் 90 விழுக்காட்டில் உலோகத் துகள்கள் தெரிந்தன. ஐந்து குவியல்களில் ஒவ்வொன்றிலும் 200-க்கு மேற்பட்ட துகள்கள்! காயம்பட்ட இடத்திலிருந்து அவை நாற்புறமும் பரவியிருந்தன. செம்புக் குண்டால் சுடப்பட்ட நான்கு முழு மான்களையும் படமெடுத்தார்கள். நான்கிலும் சேர்த்து அகப்பட்ட துகள்கள் ஆறு மட்டுமே.

ஒரு குவியலைச் சுற்றிப் பல காண்டார்கள் கூடித் தின்னும். எனவே ஒரே குண்டு பல பறவைகளுக்கு நஞ்சாகலாம். காண்டார் இனம் பெருகும் வேகமோ மிகக் குறைவு. பிறந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் முட்டையிடத் தொடங்கும்; பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை. ஒரு பறவையின் இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

செம்புக்கு மாறினால் என்ன ஆகும்?

இப்போது துப்பாக்கி செய்பவரிடம் திரும்புவோம். "காரீயத்துக்குப் பதில் செம்புக் குண்டு போடுங்கள்" என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் நாம் நினைவில் வைத்திருந்த நீளத்தின் கணக்கு வருகிறது.

காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 கிராம். கணக்கு எளிதாக இருக்கக் குண்டை ஓர் உருளை என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 7.82 மில்லிமீட்டர். 180 கிரெயின் எடைக்கு முழுக் காரீய உருளையின் நீளம் 21.4 மில்லிமீட்டர். அதே எடைக்குச் செம்பு உருளை 27.1 மில்லிமீட்டர் ஆகிவிடும். கால் பங்குக்கு மேல் நீளம் கூடுகிறது! இவ்வளவு நீண்ட குண்டு பழைய புரியில் உறுதியாகப் பறக்காமல் போகலாம். பித்தளைக் கூட்டுக்குள்ளும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. புதிதாகத் துப்பாக்கி செய்பவர் நெருக்கமான புரியுள்ள குழலைக் கேட்டு வாங்கலாம். அல்லது எடை குறைந்த குண்டைத் தேர்ந்தெடுக்கலாம். 150 கிரெயின், அதாவது 9.7 கிராம், செம்பு உருளையின் நீளம் 22.6 மில்லிமீட்டர்தான். கனமான காரீயக் குண்டின் நீளத்தை ஒட்டியே இருக்கிறது!

எடை குறைந்தால் வலிமை குறையாதா? 30-06 தோட்டாவில் 150 கிரெயின் குண்டு வினாடிக்குச் சுமார் 887 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதன் ஆற்றல் சுமார் 3,820 ஜூல். 180 கிரெயின் குண்டு தந்தது 3,950 ஜூல். வேறுபாடு நூற்றுக்கு மூன்று அல்லது நான்குதான். தோளில் படும் உதையும் சற்றுக் குறைகிறது.

செம்பில் குறைகளும் உண்டு. அது கடினமான உலோகம். வேகம் மிகவும் தணிந்துவிட்டால் சரியாக விரியாது. எனவே மிகத் தொலைவிலிருந்து சுடுவதைத் தவிர்க்க வேண்டும். விலையும் பெரும்பாலும் கூடுதல். ஒவ்வொரு துப்பாக்கியிலும் சுட்டுப் பார்த்துப் பொருத்தமான குண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் இவையெல்லாம் முன்னதாகத் திட்டமிட்டால் தீரக்கூடியவையே.

சட்டமும் ஒத்துழைப்பும்

கலிபோர்னியா மாநிலம் காண்டார்கள் வாழும் பகுதிகளில் காரீயக் குண்டுகளுடன் வேட்டையாடுவதை 2008-இல் தடை செய்தது. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து அம்மாநிலம் முழுவதிலும் எல்லா வேட்டைக்கும் தடை வந்தது. அரிசோனா வேறு வழியில் சென்றது. சட்டம் போடாமல், காண்டார்கள் வாழும் பகுதியில் வேட்டைக்கு வருபவர்களுக்கு 2005 முதல் காரீயமற்ற தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்தது. எக்ஸ் கதிர்ப் படங்களையும் காட்டியது. பல ஆண்டுகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஒத்துழைத்தார்கள். படத்தைக் கண்ட பலர் தம் வீட்டுப் பிள்ளைகள் உண்ணும் இறைச்சியிலும் துகள் இருக்கலாமே என்றும் எண்ணிப் பார்த்தார்கள். காரீயத்தில் குழந்தைகளுக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

இன்று காண்டார்களின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது. பாதிக்கு மேற்பட்டவை திறந்த வானில் பறக்கின்றன. ஆயினும் காரீய நஞ்சு முழுவதும் ஒழியவில்லை. இன்னும் பறவைகளைப் பிடித்து இரத்தம் சோதித்து, காரீயத்தைப் பற்றி இழுத்து வெளியேற்றும் மருந்தை ஊசி மூலம் செலுத்துகிறார்கள்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் வந்தபின் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆனால் நம் பிணந்தின்னிக் கழுகுகளும் இதே போன்ற ஒரு வழியில்தான் அழிந்தன. மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியே கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது 2004-இல் தெரியவந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. அதற்குள் சில கழுகு இனங்கள் நூற்றுக்கு 90-க்கு மேல் அழிந்துவிட்டன. நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகள் இன்று கண்ணும் கருத்துமாய்க் காக்கப்படுகின்றன.

அங்கே மானுக்குக் குறிவைத்தவரும், இங்கே மாட்டுக்கு மருந்து கொடுத்தவரும் கழுகைக் கொல்ல நினைக்கவில்லை. ஒரு பொருள் தன் வேலையை முடித்த பிறகு எங்கே போகிறது என்பதை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. இப்போது அமெரிக்காவில் துப்பாக்கி செய்யக் கொடுப்பவர் "எந்த விலங்குக்கு? எவ்வளவு தொலைவுக்கு?" என்ற பழைய இரண்டு கேள்விகளோடு, "எந்த உலோகத்தில்?" என்ற மூன்றாவது கேள்விக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு ஒரு கணக்கு: இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.87 கிராம். மேலே சொன்ன அதே விட்டத்தில் 9.72 கிராம் எடையுள்ள இரும்பு உருளை எவ்வளவு நீளம் இருக்கும்? விடை: ஏறத்தாழ 25.7 மில்லிமீட்டர். செம்பைவிட நீளம் கூடுகிறது. அது மட்டுமன்று, கடினமான இரும்பு குழலின் புரிகளைத் தேய்த்துவிடும். காரீயத்துக்கு மாற்றாக இரும்பை விட்டுச் செம்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?